இனிக்கிற கிணறு

கோர்படிக்கு வீடு மாறி எட்டு மாதம் ஆகிறது. புனே வந்த இந்தப் பதிமூன்று வருடத்தில் இது நான்காவது வீடு. ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், ஒரு பக்கம் ராணுவக் குடியிருப்பு, நடுவில் பழைய ஓட்டு வீடுகளும் புது அடுக்குமாடிகளும் கலந்துகட்டி நிற்கிற ஏரியா. ராணுவம், ரயில்வே என்று வந்து பல தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. காய்கறிக் கடையில் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், பின்னாலிருந்து "முத்தலா இருக்கு, எடுக்காதீங்க" என்று ஒரு குரல் கேட்கும். அதற்காகவே வாடகை கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

நாங்கள் இருப்பது பழைய வீட்டின் கீழ்ப்பகுதி. மேலே வீட்டுக்காரப் பாட்டி. எண்பது வயது இருக்கும், தெருவுக்கே 'ஆஜி'. காம்பவுண்டுக்குள் கருங்கல் கட்டிய ஒரு கிணறு. வீடு பார்க்கப் போன அன்று ஆஜி முதலில் காட்டியது ஹாலையோ கிச்சனையோ அல்ல, அந்தக் கிணற்றைத்தான். "என் மாமனார் வெட்டினது. கோட் பாணி, பாளா" என்றார். கோட் என்றால் இனிப்பு. ஒரு செம்பில் மொண்டு கொடுத்தார். குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

மாநகராட்சித் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும். மிச்ச நேரத்துக்கு மோட்டார் போட்டால் கிணற்றுத் தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறிவிடும். தங்கமணிக்கும் பிடித்துவிட்டது. பருப்பு சீக்கிரம் வேகிறதாம். சென்னையில் லாரி பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவருக்கு, வீட்டுக்குள்ளேயே கிணறு என்றால் லாட்டரி அடித்த மாதிரி.

மகள் பிறந்தாள். தாய்ப்பால் போதவில்லை, கூடவே பவுடர் பாலும் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் குழாயில் கிணற்றுத் தண்ணீர்தான். அதை இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, பவுடர் கலந்து பாட்டிலில் ஊற்றுவார். "கொதிச்ச தண்ணிங்க மாப்பிள்ளை, ஒரு கிருமி உயிரோட இருக்காது" என்பார்.

கிருமி இருக்காதுதான். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் பல்.

*

என்னை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வேன். போட்டோவில் உதடு பிரியாது. கூச்ச சுபாவம் என்று நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். கூச்சமெல்லாம் இல்லை, முன்பல் இரண்டும் காவி பூசின மாதிரி இருக்கும். நான் தர்மபுரிப் பக்கம். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இப்படித்தான். சாம்பல், செங்கல்பொடி, உப்பு என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. ஈறில் ரத்தம்தான் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் சின்ன வயதிலேயே உறுத்தும். என் பாட்டிக்குப் பல் வெள்ளை வெளேரென்று இருக்கும். வெற்றிலை போட்டும் அப்படி. அதே வீடு, அதே கிணறு. பிறகு எனக்கு மட்டும் ஏன்?

பதில் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அதே கிணறு இல்லை. பாட்டி குடித்தது முப்பது அடிக் கிணறு. எண்பதுகளில் மழை பொய்த்தபோது அப்பா கிணற்றுக்கு உள்ளேயே போர் இறக்கினார். பாறையைத் துளைத்துக் கீழே போனதும் தண்ணீர் பீறிட்டு வந்ததாம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. "இளநீர் மாதிரி இருக்கு"ன்னு எல்லோரும் சொன்னார்களாம். நான் பிறந்தது 1986. நான் குடித்து வளர்ந்தது அந்த இளநீர்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் பெரிய கொசுவர்த்தி சுற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும்.

1901-ல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வேலைக்குப் போனார். ஊர்க்காரர்கள் பலருக்குப் பல்லில் காவிக் கறை. 'கொலராடோ கறை' என்று பெயரே வைத்திருந்தார்கள். உள்ளூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இருந்தது, பெரியவர்களான பிறகு குடிவந்தவர்களுக்கு இல்லை. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று மெக்கேவுக்குச் சந்தேகம். தண்ணீரைச் சோதித்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை. முப்பது வருடம் இப்படியே போனது.

ஆர்கன்சா மாநிலத்தில் பாக்ஸைட் என்று ஒரு ஊர். பெயரே சொல்கிறது, அலுமினியத் தாதுச் சுரங்கம் உள்ள ஊர். 1909-ல் அங்கே பழைய மேல்மட்டக் கிணறுகளை விட்டுவிட்டு ஆழக் கிணறுகளுக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் கறை. (எங்கள் வீட்டுக் கதை அப்படியே இருக்கிறதா?) அலுமினியப் பாத்திரத்தில் சமைப்பதால்தான் இந்த வியாதி என்று யாராவது கிளப்பிவிட்டால் வியாபாரம் போய்விடுமே என்று அலுமினிய கம்பெனிக்குக் கவலை. 1931-ல் அதன் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், வழக்கமாக யாரும் தேடாத பொருள்களையும் சேர்த்துத் தேடச் சொன்னார். கிடைத்தது ஃப்ளோரைடு, ஒரு லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வரம்பு 1.5.

முப்பது வருடம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லாமல் போனதல்ல, யாரும் அதற்காகச் சோதிக்கவில்லை என்பதுதான். இந்த வரியை நினைவில் வையுங்கள், திரும்பவும் வரும்.

இனி நம்ம ஊர். அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் விவசாயிகள் முதலில் கவனித்தது தங்கள் உழவு மாடுகளை என்று சொல்வார்கள். மூட்டு இறுகி மாடு நடக்க முடியாமல் போனது. பிறகு மனிதர்களுக்கும் அதே மாதிரி, முதுகு வளைந்து, கழுத்து திரும்பாமல். 1937-ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து, கிணற்றுத் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்று எழுதினார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி வந்த முதல் ஆய்வுகளில் ஒன்று. மூவரும் வேலை பார்த்தது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில். இவர்களில் சி.ஜி. பண்டிட் பின்னாளில், 1948-ல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். சாதாரண ஆட்கள் இல்லை.

கிண்டியிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். கண்டுபிடித்த வருடம் 1937, நான் பிறந்த வருடம் 1986. நடுவில் 49 வருடம். அந்த விஷயம் எங்கள் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை.

ஃப்ளோரைடை யாரும் கிணற்றில் கொட்டவில்லை. கிரானைட் போன்ற பாறைகளில் உள்ள சில கனிமங்களில் அது இயற்கையாகவே இருக்கிறது. தண்ணீர் பாறை இடுக்கில் பல வருடம் ஊறிக் கிடக்கும்போது கரைந்து வருகிறது. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய தண்ணீரில் இன்னும் அதிகமாகக் கரையும். அப்படிப்பட்ட தண்ணீர் நாக்குக்கு மென்மையாக இருக்கும். இளநீர் மாதிரி.

எட்டு வயதுக்குள், பல்லின் எனாமல் உருவாகிற காலத்தில் குடித்தால் பல்லில் கறை. அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது, கறை மேலே இல்லை, உள்ளே. ரொம்ப அதிகமான அளவை ரொம்ப வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே குனிய முடியாது. செருப்பு மாட்ட யாராவது உதவ வேண்டும். வாதம் என்றார்கள், தைலம் தேய்த்தோம். தண்ணீரா, வயதா, வேலையா என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் "பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா சிரிக்கவே மாட்டேங்குதே" என்றார். அவள் சிரிக்காததற்குக் காரணம் அந்தக் கிணறு. அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய விஷயம் மட்டும் அச்சில் இருந்தது.

எங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,900 கோடி ரூபாயில் வந்து, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருக்கிறது. ஒரு குடிநீர்த் திட்டத்தின் பெயரில் ஒரு நோயின் பெயர்!

*

சரி, தண்ணீர் ருசியாக இருந்தால் நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும்தானா? இல்லை.

1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் சோஹோ பகுதியில் காலரா. பத்தே நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சாவு. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். எல்லாம் பிராட் தெருவின் அடிபம்பைச் சுற்றியே இருந்தது. ஆனால் ஒரு சாவு மட்டும் கணக்கில் உதைத்தது. சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவைப் பெண்மணி. அந்தப் பக்கம் காலராவே இல்லை. மகன்களிடம் விசாரித்தால், அம்மா முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர், அந்தத் தண்ணீர் ருசி விட்டுப்போகக் கூடாது என்று தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்தார் என்று தெரிந்தது. அவரைப் பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்த உறவுக்காரப் பெண்ணும் இறந்துபோனார்.

எனக்கு இது லண்டன் கதையாகத் தெரியவில்லை. ஊரை விட்டு வந்த பிறகும் ஊர்த் தண்ணீர் ருசிக்கு ஏங்குகிற ஒரு அம்மாவின் கதையாகத் தெரிகிறது. நாம் எல்லோரும் அந்த ஜாதிதானே.

செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு மலத்தொட்டி கிணற்றிலிருந்து மூன்றடிகூடத் தள்ளி இல்லை, செங்கல் இற்றுக் கசிந்துகொண்டிருந்தது. நோய் வந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீர் அந்தத் தொட்டியில்தான் கொட்டப்பட்டது. ஸ்னோ அந்தத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. காலராக் கிருமிதான் காரணம் என்று ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிறுவியது 1884-ல். அதற்குள் ஸ்னோ இறந்து 26 வருடம் ஆகியிருந்தது.

*

இதையெல்லாம் படித்துவிட்டு ஜன்னல் வழியாக ஆஜியின் கிணற்றைப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் செப்டிக் டேங்க்.

புனேவின் தண்ணீர்க் கதையும் சுவாரசியமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நானாசாஹேப் பேஷ்வா கத்ரஜ் ஏரியிலிருந்து நிலத்தடியில் கல் கால்வாய் கட்டி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். தெருக்களில் ஹௌத் என்று தொட்டிகள். காளா ஹௌத், பதாமி ஹௌத் என்று பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. பிறகு வெள்ளைக்காரன் காலத்தில் கடக்வாஸ்லா அணை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெட் அணை உடைந்து, அந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லாவும் உடைந்தது. அந்தச் சமயத்தில் எங்கள் கிணறுதான் தெருவுக்கே சோறு போட்டது என்று ஆஜி சொல்வார். அந்தக் கிணற்றின் மேல் அவருக்கு இருக்கிற பாசத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பூமிக்கு அடியில் இருக்கிற சங்கதி வேறு. புனே உட்கார்ந்திருப்பது தக்காணத்து எரிமலைக் குழம்புப் பாறை மேல். அடுக்கடுக்காக இறுகிய கருங்கல். தண்ணீர் நிற்பது மேலே மக்கிப்போன பகுதியிலும், பாறையின் வெடிப்புகளிலும். மணல் என்றால் கொஞ்சமாவது வடிகட்டும். வெடிப்பு எதையும் வடிகட்டாது, குழாய் மாதிரி அப்படியே கடத்திவிடும். செப்டிக் டேங்கும் கிணறும் ஒரே வெடிப்பில் மாட்டிக்கொண்டால் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டும் பிரயோஜனம் இல்லை.

2025 ஜனவரியில் இங்கே நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சிங்கட் ரோடு, நாந்தேட் கிராமம், கிர்கட்வாடி, தாயரி பகுதிகளில் திடீரென்று கை கால் செயலிழந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கியான் பாரே நோய். 1916-ல் இரண்டு பிரெஞ்சு ராணுவ வீரர்களிடம் பார்த்து விவரிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு தருகிற ஒரு கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் ஆயுதம், ஆள் மாறாட்டமாகி நம் நரம்பையே தாக்கிவிடுகிறது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். புனேயில் இருக்கும் தேசிய வைராலஜி நிறுவனம் நோயாளிகளின் மாதிரிகளைச் சோதித்ததில் பலருக்கு கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா இருந்தது. சரியாக வேகாத கோழிக்கறி பற்றியும் பேசினார்கள். ஆனால் கிணறு, போர், தனியார் ஆர்.ஓ. நிலையம் என்று மாநகராட்சி மாதிரி எடுத்தபோது பல இடங்களில் கழிவுக் கிருமி இருந்தது, பல ஆர்.ஓ. நிலையங்களை மூடினார்கள். இருபது லிட்டர் கேன் வாங்கினால் பத்திரம் என்று நினைத்திருந்த நமக்கெல்லாம் அது ஒரு அடி.

அது நகரத்தின் அந்தக் கோடி, நாங்கள் இந்தக் கோடி. அதனால் என்ன? வெடிப்பு எல்லா இடத்திலும் வெடிப்புதான்.

*

மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். "அத்தை, தண்ணியை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்." அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் கொதிக்க வெக்கிறது பத்தலீங்களா மாப்பிள்ளை?"

பத்தாமல் இல்லை, அதுதான் சிக்கலே. 1945-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். கிராமத்துக் கைக்குழந்தைகள் நீலம் பாரித்து ஆஸ்பத்திரிக்கு வந்தன. இதயத்தில் கோளாறு இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தால் தேறின, வீட்டுக்குப் போனால் திரும்ப நீலம். வீட்டில் பவுடர் பாலைக் கலந்தது கிணற்றுத் தண்ணீரில். அதில் நைட்ரேட் அதிகம். சாணம், உரம், மனிதக் கழிவு, இவற்றிலிருந்து மண்ணில் இறங்குவது அது. பச்சைக் குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பிராணவாயு சுமக்க முடியாமல் செய்துவிடும். ஆறு மாதத்துக்குள்ளான குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து.

இதில் கொடுமை என்னவென்றால், கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப்போக மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடும். ஃப்ளோரைடும் அப்படியே. எவ்வளவு அக்கறையாக அதிக நேரம் கொதிக்கவைக்கிறோமோ அவ்வளவு மோசம்.

இதை அத்தையிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரிங்க, எதுக்கும் பாத்துடுங்க" என்றார். அன்று ராத்திரியிலிருந்தே காலையில் பிடித்துவைத்த மாநகராட்சித் தண்ணீருக்கு மாறினோம்.

ஆஜியிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. "அறுபது வருஷமா நான் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றார். இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். எண்பது வயதில் நிமிர்ந்து நடக்கிறவரிடம் என்னத்தைச் சொல்ல?

*

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் வங்கத்தில் இருக்கிறது. 1970-களில் பங்களாதேஷில் குளத்துத் தண்ணீரைக் குடித்து ஏராளமான குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். யூனிசெஃப் உதவியோடு ஊரெங்கும் குழாய்க் கிணறு போட்டார்கள். நல்ல எண்ணம், நல்ல காரியம். கிருமி குறைந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருந்தது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. 1983 வாக்கில் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்பையும் புள்ளிகளையும் வைத்து முதலில் அடையாளம் கண்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் உறுதியானது 1993-ல்.

நடுவில் 1992-ல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் பங்களாதேஷில் சுமார் 150 கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து அறிக்கை கொடுத்திருந்தது. பல பொருள்களுக்குச் சோதித்தார்கள், பட்டியலில் ஆர்செனிக் மட்டும் இல்லை. பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்துக்காரர் போட்ட வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய் 2006-ல் தள்ளுபடியானது. சட்டம் தன் கணக்கைச் சொல்லிவிட்டது. எனக்கு வேண்டியது வேறு கணக்கு: 'டெஸ்ட் பண்ணியாச்சு' என்று யாராவது சொன்னால், 'எதுக்கு டெஸ்ட் பண்ணீங்க?' என்று கேட்க வேண்டும்.

பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, கெட்டதுக்குச் சிவப்பு, நல்லதுக்குப் பச்சை என்று குழாய் முனையில் பெயின்ட் அடித்தார்கள். ஒரு வீட்டில் சிவப்பு, அடுத்த வீட்டில் பச்சை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் நல்லா இருக்கு என்பது நம் வீட்டுத் தண்ணீருக்குச் சான்றிதழ் ஆகாது. போன வருடம் நல்லா இருந்தது என்பது இந்த வருடத்துக்கும் ஆகாது. அறுபது வருடம் முன்பு ஆஜி வீட்டைச் சுற்றி வயல். இன்றைக்குச் சுற்றிலும் நாலு அடுக்குமாடி, நாற்பது கழிவறை.

*

மாதிரி எடுக்க ஒரு முறை இருக்கிறது. மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தருகிற கிருமி நீக்கிய பாட்டில்தான், கோலா பாட்டில் உதவாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது. ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவில் ஒரு அரை நாள் லீவு.

ரிசல்ட் வந்தது. ஆர்செனிக் இல்லை. ஃப்ளோரைடு 0.4, பிரமாதம். நைட்ரேட் 78. இந்தியத் தர நிர்ணயப்படி 45-க்கு மேல் போகக் கூடாது. ஈ.கோலை இருக்கிறது. நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாதது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் உதட்டையும் நகத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. மறுநாள் டாக்டரும் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம்தான் கொடுத்திருந்தோம், அதுவும் ராத்திரியில் மட்டும்.

தெரிந்துகொண்டவரை சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

வீட்டுக்கு வந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு 'டிடிஎஸ் நானூறு, ஐயையோ' என்பவரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது கரைந்த உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும். ஃப்ளோரைடா, நைட்ரேட்டா, கிருமியா என்று சொல்லாது. டிடிஎஸ் குறைவாக இருந்தும் விஷமாக இருக்கலாம். இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்துக் காவிக் கசடு காட்டுவது அதைவிட மோசடி, அந்தக் கசடு கம்பியின் இரும்பு.

யூ.வி. கருவி கிருமியைத்தான் கொல்லும். ஃப்ளோரைடு, நைட்ரேட்டுக்கு ஆர்.ஓ. உதவும். முதலில் சோதனை, பிறகுதான் மெஷின். வியாதி தெரியாமல் மாத்திரை வாங்குவோமா?

ரிசல்ட்டில் நைட்ரேட் என்று 15 போட்டிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அது நைட்ரேட்டா, 'நைட்ரஜனாக' கணக்கிட்ட நைட்ரேட்டா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் சுமார் 4.4-ஆல் பெருக்க வேண்டும், 15 என்பது 66 ஆகிவிடும்.

கிருமிக்கு வருடம் ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும். புது போர் போட்டால், வீட்டில் கைக்குழந்தை வந்தால், பக்கத்தில் பெரிய கட்டடமோ செப்டிக் டேங்கோ வந்தால் உடனே. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது, பொதுமக்களும் கொடுக்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் தமிழ்நாட்டு மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தது. நம்ம ஊரில் இருக்காது என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

கடல் தாண்டி இருக்கிற சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் குடிப்பது சொந்தக் கிணற்றுத் தண்ணீர். அதை அரசாங்கம் சோதிக்காது, வீட்டுக்காரர் பொறுப்பு. கனடாவில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஒன்டாரியோவின் வாக்கர்டன் ஊரில் மழைத் தண்ணீரோடு மாட்டுச் சாணம் ஊர்க் கிணற்றில் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வற்றாத ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல் மேல் கிணற்றை நம்பியே வாழ்கிற மண். தோட்டத்து உரமும் மலக்குழியும் இறங்குவது போதாதென்று, சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையும் உண்டு.

*

ஆஜியிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?" என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த வாரமே செப்டிக் டேங்கைத் திறந்து பார்க்க ஆள் கூட்டிவந்தார். ஒரு பக்கச் சுவர் வெடித்திருந்தது. பூசிக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் இப்போது செடிக்கும், துணிக்கும், தரை துடைக்கவும். வேலை முடிந்து மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். செலவை அவரே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

அந்த உற்சாகத்தில் ஊருக்கும் போன் போட்டு, அம்மா வீட்டுத் தண்ணீரைத் தர்மபுரிக்குக் கொடுத்தனுப்பச் சொன்னேன். வாசலில் ஒகேனக்கல் குழாய் இருக்கிறது, அம்மாவும் அதைத்தான் குடிக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, சமையலுக்கு மட்டும்தான் ஒகேனக்கல். குடிக்கவும் காப்பிக்கும் இன்னும் அப்பாவின் போர்த் தண்ணீர்தான். "அந்தக் குழாத்தண்ணி மருந்து வாடை அடிக்குதுப்பா" என்றார்.

ஃப்ளோரைடு 2.8.

"அம்மா, அந்தத் தண்ணிய இனிமே குடிக்காத. தங்கச்சி பசங்க லீவுக்கு வந்தாலும் குடுக்காத" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"உங்கப்பா வெட்டுன தண்ணிடா" என்றார்.

"தெரியும்மா."

"சரி, பசங்களுக்குக் குடுக்கல."

தான் குடிக்க மாட்டேன் என்று மட்டும் அம்மா இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். நேரில் பேசிக்கொள்ளலாம். மகளுக்கு முதல் பல் முளைக்கிற சமயம் அது.